இருபத்திரண்டு படிகள்

கெய்ரோவில் மழை பெய்தது.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது ஒரு வாக்கியம். கெய்ரோக்காரர்களுக்கு இது ஒரு விபத்து. பத்து நிமிஷத் தூறலுக்குப் பாலத்தின் மேல் கார்கள் நின்றன, கடைக்காரர்கள் வானத்தைப் பார்த்துக் கொண்டு நின்றார்கள், பல்கலைக்கழகம் நின்றது. மனியல் தீவின் கரையில், நைல் நதிக்கு நேர் எதிரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் பஹ்ரி கோபுரத்தில் ஒரு லிஃப்டும் நின்றது. மொட்டை மாடி மோட்டார் அறையில் நாலு சொட்டுத் தண்ணீர் இறங்கியதுதான் காரணம்.

பஹ்ரி கோபுரத்துக்கு இருபத்து நாலு மாடி, இரண்டு லிஃப்ட். ஒன்று ஒற்றைப்படை மாடிகளில் மட்டும் நிற்கும். இன்னொன்று இரட்டைப்படை மாடிகளில் மட்டும். மூன்றாம் மாடிக்காரரும் பத்தொன்பதாம் மாடிக்காரரும் தினமும் ஸலாம் சொல்லிக்கொள்வார்கள். பதினேழும் பதினெட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே வயதாகிப் போகலாம்.

நின்றது ஒற்றை லிஃப்ட்.

சமீஹ் பதினேழாம் மாடி. வயது இருபத்தெட்டு, தொழில் கட்டடக் கலை, குடிவந்து நாலு மாசம். அக்குளில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய். அதற்குள் அவன் வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தனியாக வரைந்த திட்டம். தாளின் வலது கீழ் மூலையில் 'வடிவமைப்பு: சமீஹ் ஃபக்ரி' என்று அச்சாகியிருந்தது. காலையிலிருந்து அந்த மூலையை மட்டும் ஏழு தடவை பார்த்திருந்தான்.

செத்துப்போன ஒற்றை லிஃப்டை ஒரு உதை உதைத்துவிட்டு, மூடப்போன இரட்டை லிஃப்டுக்குள் பாய்ந்தான். கதவு அவனை இடித்தது. அவன் ஒரு பையை இடித்தான். பை கவிழ்ந்து, பச்சைப் பட்டாணிக் காய்கள் லிஃப்ட் முழுக்கச் சிதறின...

"அல்லாவே!" என்றது ஒரு குரல்.

"மன்னிச்சுக்கோங்க... மழை... கதவு..."

இருவரும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள். ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.

அந்தக் கண்கள்...

நைல் நதியின் நிறம் என்று எழுத ஆசைதான். ஆனால் நைலை நேரில் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். நன்றாகக் கொதித்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த தேநீரின் நிறம். இமை நுனியில் ஒரு மழைத்துளி, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. சமீஹுக்கும் அதே யோசனை. லிஃப்ட் கிளம்பிவிட்டது.

"இது இரட்டை லிஃப்ட்" என்றாள் அவள்.

"தெரியும்ங்க. நான் பதினேழு. எங்க லிஃப்ட் மழைக்குப் பயந்து படுத்துருச்சு."

"அப்போ பதினெட்டுல இறங்கி, ஒரு மாடி கீழே நடங்க."

"இல்லேன்னா பதினாறுல இறங்கி ஒரு மாடி மேலே ஏறணும். பாத்தீங்களா? சொந்த வீட்டுக்குப் போக ஒரு மனுஷன் கூட்டல் கழித்தல் போட வேண்டியிருக்கு!"

அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அது அவனுக்குப் போதவில்லை. இன்னும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமே...

பஹ்ரி கோபுரத்தின் இரட்டை லிஃப்ட் பதினெட்டாம் மாடிக்குப் போக ஒரு நிமிஷம் ஐம்பது நொடி எடுக்கும். ஒரு இளைஞன் தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ள அது தாராளமான அவகாசம்.

"நான் கட்டடக் கலைஞன். தொழில்முறையிலே சொல்றேன்" என்று ஆரம்பித்தான், நாலாவது மாடியில். "இதை வரைஞ்ச ஆளு கணக்குலே ஃபெயில் ஆகியிருக்கணும். ரெண்டு லிஃப்டும் எல்லா மாடியிலும் நின்னா ஆகாதா? கதவுக்குப் பஞ்சமா?"

"அப்படியா..."

"முகப்பைப் பாருங்க. ரெண்டு மாடிக்கு ஒண்ணா, துளைத் துளையா பன்னிரண்டு செங்கல் சுவர். எதுக்கு? புறா வளர்க்கவா?"

"ம்..." எட்டாவது மாடி.

அவள் சிரிப்பு போய்விட்டதை அவன் கவனிக்கவில்லை. உற்சாகத்தில் இருந்தான்.

"எனக்கு என்ன தோணுதுன்னா... அந்த மனுஷனுக்கும் அவர் சம்சாரத்துக்கும் பெரிய சண்டை. 'நீ ஒத்தை மாடியிலே இரு, நான் இரட்டை மாடியிலே இருக்கேன், ஜென்மத்துக்கும் பாக்க வேண்டாம்'னு பிரிச்சுக் கட்டிட்டாரு."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். தனியாகச் சிரித்தான். பன்னிரண்டாவது மாடி கடந்தது.

"சண்டை போட்டதே இல்லை" என்றாள் அவள்.

"என்னது?"

"அவரு அவர் சம்சாரத்தோட சண்டை போட்டதே இல்லை. முப்பத்தாறு வருஷம். அவங்க தவறிப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

"உங்களுக்கு... எப்படி...?"

"அவங்க எங்க அம்மா."

கயிறு மட்டும் எங்கோ மேலே முனகியது.

"நான் பல் டாக்டர்" என்றாள் அவள், கதவைப் பார்த்துக்கொண்டே. "காலையிலேருந்து முப்பது பேருகிட்ட 'வாயைத் திறங்க, நல்லாத் திறங்க'ன்னு சொல்லிட்டு வர்றேன். மூடுங்கன்னு சொல்லத் தோணின முதல் ஆள் நீங்கதான்."

அவன் அவசரமாகப் பதினாறாம் மாடிப் பொத்தானை அழுத்தினான், கதவு திறந்தது. பதினெட்டில் இறங்கிக் கீழே நடந்திருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் இன்னும் இரண்டு மாடி அவள் பக்கத்தில் நிற்க அவனுக்கு முகமில்லை. வெளியே குதித்தான். செங்குத்தான படிகளில் மூச்சிரைக்க ஏறி வீட்டு வாசலில் நின்றபோதுதான் கவனித்தான்... கையில் ஒரு பட்டாணிக் காய் இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவன் அம்மா கறி போட்டுப் பட்டாணிக் குழம்பு வைத்திருந்தாள்.

"பட்டாணி ஏதும்மா?"

"வாங்கினதுதான், கண்ணு" என்றாள் உம்மு சமீஹ், கண்ணைப் பார்க்காமல். "ஏண்டா முகம் இப்படி இருக்கு? சாப்பிடு. ஆறிப்போகுது."

"நீ கீழே இறங்கினியா?"

"இந்த முழங்காலை வச்சுக்கிட்டா? ஒரு படி இறங்க முடியுமா என்னால? உங்கப்பா குவைத்துலேருந்து வந்து தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு."

அவன் நம்பினான். அவனுடைய திட்டமே அந்த முழங்கால் மேல்தான் நின்றது.

மறுநாள் காலை, வாசலில் காவல்காரர் அப்துல் மௌஜூத் மரப் பலகையில் உட்கார்ந்து அவரைப் பருப்பைத் தொட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார். சோஹாக் பக்கத்துக்காரர். கட்டடத்தின் வயதுதான் அவருடைய சர்வீஸும்.

"மௌஜூத் பெரியப்பா... பதினெட்டாம் மாடியிலே ஒரு பல் டாக்டர்..."

"டாக்டர் ரிஹாம். நம்ம என்ஜினியர் பஹ்ஜத் பாஷாவோட ஒரே பொண்ணு." ரொட்டியைக் கிழித்தார். "ஏன், பல் வலிக்குதா?"

"இல்லே. நாக்குதான்."

"உன் நாக்கு பத்தி இரட்டை லிஃப்ட் பூரா ஏற்கனவே பேசிக்கிறாங்க, பாஷா." மெதுவாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "வெள்ளிக்கிழமை கூட்டத்துலே நீதானே பேசப்போறே? ஆத்துப் பக்கம் படிக்கட்டு திரும்பற இடத்துலே இருக்கிற தளங்களை எல்லாம் அடைச்சு, அங்கே மூணாவது லிஃப்ட் போடப்போறீங்களாமே?"

"ஆமா பெரியப்பா. எல்லா மாடியிலும் நிக்கிற லிஃப்ட். வயசானவங்களுக்காக."

"நல்லதுதான்." அவர் கைகளைத் தட்டிக்கொண்டார். "பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவுலே இருக்கிற தளத்துலே ஒரு கல் பெஞ்சு. சம்சாரம் போனதுலேருந்து பஹ்ஜத் பாஷா வீட்டை விட்டு இறங்கறதே இல்லே. பிற்பகல் அஸர் தொழுகை முடிஞ்சா அந்தப் பெஞ்சுக்கு மட்டும் வருவாரு. ஆத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அதை அடைச்சுட்டா... அவரு எங்கே போவாரோ தெரியலே. நீ படிச்சவன். உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

சமீஹுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கட்டடத்தின் மூல வரைபடங்கள் அசோசியேஷன் அலமாரியில் கரையானுக்கு உணவாகி வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் அவன் தரைத் தளத்திலிருந்து முதல் மாடி வரை ஒரே ஒரு படிக்கட்டை அளந்தான். பதினெட்டுப் படி, நடுவில் ஒரு சின்னத் திருப்பம். அதையே இருபத்து நாலு மாடிக்கும் நகல் எடுத்து ஒட்டிவிட்டான். கணினியில் அதற்குப் பத்து நொடி ஆகும். பெஞ்சு எதுவும் அவன் வரைபடத்தில் இல்லை.

அன்று மாலை இரட்டை லிஃப்டில் மூன்று தடவை பதினெட்டு வரை போய் வந்தான். நாலாவது தடவை தரைத் தளத்தில் கதவு திறந்தபோது அவள் நின்றாள். வெள்ளைக் கோட்டு கையில் மடிந்திருந்தது.

"உங்க லிஃப்ட் ரிப்பேர் ஆயிடுச்சே" என்றாள்.

"தெரியும். மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"ஒரு நிமிஷம் ஐம்பது நொடி இருக்கு. கேளுங்க."

"நேத்து நான் பேசினது தப்பு. அசிங்கம். உங்க அம்மாவைப் பத்தி..."

"அம்மாவைப் பத்திப் பேசினது வலிச்சுது. ஆனா நீங்க தெரியாமப் பேசினீங்க." தேநீர்க் கண்கள் நேராக அவனைப் பார்த்தன. "தெரிஞ்சு பேசினதுக்கு மன்னிப்புக் கேக்கலியே?"

"எது?"

"'தொழில்முறையிலே சொல்றேன்'னு ஆரம்பிச்சீங்களே, அது. நீங்க இந்தப் படியிலே ஏறியிருக்கீங்களா, என்ஜினியர் சார்? எங்க வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுலே இருக்கிற படியிலே?"

அவன் வாய் திறந்தது. மூடியது. பல் டாக்டர் அதைக் கவனித்தாள்.

"நாலு மாசமா இங்கே இருக்கீங்க. இடிக்கப்போறீங்க. ஒரு தடவை ஏறிப் பாக்கலே."

"எங்க அம்மாவுக்காகத்தான் வரைஞ்சேன்" என்றான் ரோஷத்தோடு. "அவங்களுக்கு முழங்கால் வலி. ஒரு படி ஏற முடியாது. உங்க அப்பாவோட பெருமைக்காக எங்க அம்மா வீட்டுக்குள்ளேயே கிடக்கணுமா?"

ரிஹாம் அவனை விநோதமாகப் பார்த்தாள். கோபம் மாதிரியும் இருந்தது, சிரிப்பை அடக்குவது மாதிரியும் இருந்தது.

"உங்க அம்மாவுக்கா? ஒரு படியா?"

"ஆமா!"

"சரி. அப்போ வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் உங்க தாளை விரிங்க. நானும் வந்து உக்காந்து கேக்கறேன்." பதினாறு கடந்துபோனது. பதினெட்டில் இறங்கும்போது திரும்பினாள். "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏறுங்க. எங்க அப்பாவுக்காக இல்லே. அந்த மூலையிலே உங்க பேரைப் போட்டிருக்கீங்களே... அந்தப் பேருக்காக."

எந்த மூலையில் பேர் இருக்கிறது என்று இவளுக்கு யார் சொன்னது? கதவு மூடிக்கொண்டது.

வியாழக்கிழமை பிற்பகலே ஆபீஸிலிருந்து வந்துவிட்டான். கையில் அளவு நாடா, வாயில் பென்சில், மனசில் ஒரு பிடிவாதம். அளந்து காட்டுகிறேன். படி என்றால் படி. அதில் என்ன அதிசயம்?

பதினாறிலிருந்து பதினேழுக்கு ஏறினான். பதினெட்டுப் படி. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட பதினேழு சென்டிமீட்டர். அவன் கணக்கு சரி! செங்குத்தான படி, குறுகலான திருப்பம், மூச்சு வாங்குகிறது. வெற்றி.

பதினேழிலிருந்து பதினெட்டுக்கு ஏற ஆரம்பித்தான்.

மூன்றாவது படியிலேயே கால் ஏமாந்தது. உயரம் வரும் என்று தூக்கிய கால், உயரம் வராமல் பூப்போல இறங்கியது. குனிந்து நாடாவை வைத்தான். பதிமூன்றரை... மறுபடியும் வைத்தான். பதிமூன்றரையும் கொஞ்சமும். படி அகலம் தாராளம். பாதம் முழுசாகப் படிந்தது. எண்ணிக்கொண்டே போனான்... ஒன்பது, பத்து, பதினொன்று...

திருப்பத்தில் சுவரே இல்லை. தரையிலிருந்து கூரை வரை துளைத் துளையாகச் செங்கல். ஒவ்வொரு துளையிலும் ஒரு துண்டு நைல். வடக்குக் காற்று ஆற்றின் மேல் நடந்து வந்து, செங்கலில் சலித்து, முகத்தில் மெதுவாக விழுந்தது. கீழே பாய்மரப் படகொன்று சாய்ந்து போனது. புறா வளர்க்கவா என்று அவன் கேட்ட இடம் இதுதான்.

அங்கே கல் பெஞ்சு இருந்தது. பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள்.

ஒரு ஓரத்தில் கம்பளி மேலங்கி போட்ட முதியவர், ஆற்றைப் பார்த்துக்கொண்டு. நடுவில் ரிஹாம், மடியில் ஒரு முறம். இந்த ஓரத்தில், பட்டாணி உரித்துக்கொண்டு, ஏதோ சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு...

"அம்மா!"

உம்மு சமீஹின் கையிலிருந்து ஒரு பட்டாணி உருண்டு படியில் இறங்கியது.

"நீ ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தே?" என்றாள். எந்தக் குற்றவாளியும் கேட்கும் முதல் கேள்வி.

"உன் முழங்கால்?!"

"வலிக்குதுதான்."

"பதினொரு படி ஏறி வந்திருக்கே!"

"இந்தப் படி வேற, கண்ணு. இதுலே ஏறினா முழங்காலுக்கே தெரியாது. மத்த படியிலே ஏறவே முடியாது, அல்லா மேல ஆணையா." பட்டாணியை உரித்துக்கொண்டே பேச்சைத் திருப்பினாள். "ரிஹாம், நான் சொன்னேன்ல... இதுதான் என் பிள்ளை. கோபம் வந்தா காது சிவக்கும்."

"சிவக்குது, அத்தை" என்றாள் ரிஹாம், மிகவும் அடக்கமாக.

அத்தையா! நாலு மாசமாகப் பிற்பகல் தவறாமல் நடந்திருக்கிறது. அவன் ஆபீஸ் போனதும் அம்மா பதினொரு படி ஏறுவாள், கிளினிக்கிலிருந்து வந்ததும் ரிஹாம் பதினொரு படி இறங்குவாள். அவன் தின்ற பட்டாணி, அவரை, முட்டைக்கோஸ் எல்லாம் இந்தப் பெஞ்சில்தான் பேச்சோடு பேச்சாக உரிக்கப்பட்டிருக்கிறது. அவனுடைய அறிக்கையின் முதல் பக்கத்தில், 'ஒரு படிகூட ஏற இயலாத முதிய பெண்மணி' என்று எழுதியிருந்தான். அந்தப் பெண்மணி இப்போது அவனுக்கு ஒரு பட்டாணி நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. மீதிப் படிகளை எண்ணிக்கொண்டு மேலே போனான். திரும்பி இறங்கி எண்ணினான். மறுபடி ஏறி எண்ணினான். முதியவர் மட்டும் ஆற்றை விட்டுவிட்டு, அவன் கையிலிருந்த அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு.

அவன் மண்டைக்குள் இரண்டு லிஃப்டும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி. மூன்றும் நாலும் ஒரு ஜோடி. பதினேழும் பதினெட்டும் ஒரு ஜோடி. ஒரு லிஃப்ட் படுத்தால், மற்றதில் ஏறி ஜோடி மாடியில் இறங்கி இந்த மெத்துப் படியில் நடந்தால் போதும். வீடு வந்துவிடும். அன்றைக்கு மழையில் பதினெட்டில் இறங்கியிருந்தால் இருபத்திரண்டு படியும் பூப்போல இறங்கியிருப்பான். வெட்கத்தில் பதினாறில் குதித்ததால்தான் மூச்சு வாங்கியது. படியில் யாரையாவது பார்த்தால் உட்காரப் பெஞ்சு, பேசக் காற்று. லிஃப்டுக்குள்ளே எல்லோரும் கதவைத்தான் பார்க்கிறார்கள். படியில்தான் ஏறுபவனும் இறங்குபவனும் முகத்துக்கு முகம் பார்க்கிறார்கள்.

இந்த மனிதர் சண்டைக்காகப் பிரிக்கவில்லை. பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு மாடி நடக்க விட்டிருக்கிறார்.

காது மறுபடி சிவந்தது. இந்த முறை கோபத்தில் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் தரைத் தளக் கூடத்தில் கூட்டம். ஒற்றைக்காரர்கள் இடப்பக்கம், இரட்டைக்காரர்கள் வலப்பக்கம். யாரும் சொல்லவில்லை, பழக்கம். தலைவர் ஓய்வு பெற்ற பிரிகேடியர் ஸகரியா, மூன்றாம் மாடி. சாக்கடை அடைப்பைக்கூட எதிரிப் படையாகப் பார்ப்பவர். ரிஹாம் வலப்பக்கம் கடைசி நாற்காலியில், கைகளைக் கட்டிக்கொண்டு.

"இளைஞர் சமீஹ்!" என்றார் பிரிகேடியர். "திட்டத்தை விரி."

சமீஹ் குழாயைத் திறக்கவில்லை.

"பிரிகேடியர் பாஷா, அந்தத் திட்டம் தப்பு."

"யார் போட்ட திட்டம்?"

"நான்தான்."

கூடம் முழுக்க ஒரு சலசலப்பு. முன்வரிசையில் ஒருத்தர் 'மாஷா அல்லா' என்றார். அது பாராட்டு இல்லை.

"ஒரே ஒரு படிக்கட்டை அளந்தேன். அதையே இருபத்து நாலு மாடிக்கும் போட்டேன். நாலு மாசம் இந்தக் கட்டடத்துலே சாப்பிட்டுத் தூங்கிட்டு, இதைக் கட்டினவரைக் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரியாதது அவருக்கும் தெரியாதுன்னு நினைச்சுட்டேன்." கடைசி நாற்காலிப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும் பாடுபட்டான். "பேச்சு வேண்டாம். மௌஜூத் பெரியப்பா, ஒரு தட்டுலே எட்டு தேநீர். விளிம்பு வரைக்கும்."

"இது விளையாட்டு இடமா?" என்று சீறினார் பிரிகேடியர்.

"இல்லே பாஷா. நீங்களே எடுத்துட்டு வாங்க. உங்களைவிட உறுதியான கை இங்கே யாருக்கு இருக்கு?"

ராணுவத்தில் முப்பது வருஷம் இருந்தவரை வீழ்த்த அந்த ஒரு வாக்கியம் போதும். பிரிகேடியர் தட்டை வாங்கினார். முதுகு நேராக, முகவாய் மேலே, படியில் ஏறினார். பின்னால் மொத்தக் கட்டடமும் ஏறியது. தரையிலிருந்து முதல் மாடி... பதினெட்டுப் படி. ஏழாவது படியில் முதல் துளி. பன்னிரண்டாவது படியில் பிரிகேடியரின் வெள்ளிக்கிழமைக் கால்சராய்.

"எதிர்பாராத சரிவு!" என்றார்.

"குவளைகளை மறுபடி நிரப்புங்க, பெரியப்பா. இப்போ ஒண்ணுலேருந்து ரெண்டுக்கு."

இருபத்திரண்டு படி. ஒற்றைக்காரர்களும் இரட்டைக்காரர்களும் கலந்து நெருக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தட்டையே பார்த்தபடி ஏறினார்கள். நடுத் தளத்தில் ஆறு தெரிந்தபோது பிரிகேடியர் ஒரு கணம் நின்றார். பிறகு ஏறினார். இரண்டாம் மாடியில் தட்டை இறக்கினார்.

ஒரு துளி சிந்தவில்லை.

பிரிகேடியர் தட்டைப் பார்த்தார். ஈரக் கால்சராயைப் பார்த்தார். "மறுபடியும்" என்று கட்டளையிட்டு, தானே கீழே போய்த் தானே ஏறி வந்தார். அப்போதும் சிந்தவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷமா இது இங்கேயே இருக்கா?" என்றார், குரல் தாழ்ந்து.

"இங்கேயேதான் இருக்கு, பாஷா. நமக்குத்தான் லிஃப்ட் இருந்துச்சு." சமீஹ் குழாயிலிருந்து ஒரு தாளை உருவினான். நேற்று மாலை வரைந்த புதுத் தாள். ஜோடி ஜோடியாகப் பன்னிரண்டு படிக்கட்டு, பன்னிரண்டு தளம், பன்னிரண்டு பெஞ்சு. "மூணாவது லிஃப்ட் வேண்டாம். மோட்டார் அறைக் கூரையைச் சரி பண்ணுங்க, மழை இறங்காது. பெஞ்சுகளைக் கழுவுங்க. அவ்வளவுதான்."

தாள் கை மாறிக் கை மாறிப் போனது. வலது கீழ் மூலையில் இரண்டு வரி இருந்தது. கடைசியாக அது ரிஹாமின் கைக்கு வந்தபோது, அவள் அந்த மூலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்...

'வடிவமைப்பு: என்ஜினியர் பஹ்ஜத். அளவெடுத்தவன்: சமீஹ்.'

கைகள் உயர்ந்தன. எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சமீஹின் போன் அதிர்ந்தது. லிஃப்ட் வேலை கைநழுவிய செய்தி ஆபீஸ் முதலாளிக்குப் போய்விட்டது. 'ஞாயிற்றுக்கிழமை காலை என் அறைக்கு வா' என்று மட்டும் இருந்தது. கெய்ரோவில் வேலை வாரம் ஞாயிறில்தான் தொடங்கும். அவன் போனைப் பையில் போட்டான். ஞாயிறு ஞாயிற்றுக்கிழமை வரட்டும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, பதினேழாம் மாடியிலிருந்து ஒரு தட்டில் நாலு தேநீரோடு படியேறினான். வானம் மறுபடி மூடியிருந்தது. பெஞ்சில் மூன்று பேரும் இருந்தார்கள்.

என்ஜினியர் பஹ்ஜத் ஒரு குவளையை எடுத்துக்கொண்டார். அந்தத் தாள் அவர் மடியில் இருந்தது.

"எத்தனை படி?" என்றார். அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"இருபத்திரண்டு, ஐயா."

"நல்லா எண்ணினியா?"

"மூணு தடவை."

முதியவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். "மேஸ்திரி என்னோட சண்டை போட்டான். பதினெட்டுப் படி போதும், ஏன் நாலு படி அதிகமா வீணாக்கறேன்னு. ஊரே சிரிச்சுது. என் சம்சாரம் மட்டும்தான் எண்ணிப் பாத்தா." குரல் கொஞ்சம் உடைந்தது, தோள் மட்டும் நிமிர்ந்தே இருந்தது. "அதுக்கப்புறம் நீ."

உம்மு சமீஹ் ஒரு குவளையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அடுப்புலே முட்டைக்கோஸ் வச்சேன், மறந்தே போச்சு."

"அடுப்பு அணைஞ்சிருக்கேம்மா. இப்பத்தான் பாத்தேன்."

"அப்போ பத்த வைக்கணும்!" மகனை ஒரு முறை முறைத்துவிட்டு, முழங்கால் வலியின் சுவடே இல்லாமல் பதினொரு படி இறங்கிப் போனாள்.

முதியவரும் எழுந்தார். "காத்து குளிருது" என்றார். காற்று குளிரவில்லை. பதினொரு படி ஏறிப் போனார்.

நடுவில் அவர்கள் இருவரும் நின்றார்கள். அவன் கையிலிருந்த தட்டில் இரண்டு குவளை. விளிம்பு வரை.

"பொண்ணு பாக்க வந்தா பொண்ணுதான் தட்டு எடுத்துட்டு வரணும்" என்றாள் ரிஹாம், துளைச் சுவர் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு. "இங்கே எல்லாம் தலைகீழா இருக்கு."

"இந்தக் கட்டடமே அப்படித்தான். இதுலே குடியிருக்கறது எனக்குப் பெருமை." மூச்சை இழுத்துக்கொண்டான். "டாக்டர் ரிஹாம்... எனக்கு ஞாயித்துக்கிழமை வேலை இருக்குமோ இருக்காதோ தெரியாது. என் நாக்கு எப்படிப்பட்டதுன்னு உங்களுக்கு ஏற்கனவே தெரியும். ஆனா... அன்னைக்கு லிஃப்டுலே ஒரு நிமிஷம் ஐம்பது நொடி பேசினதெல்லாம் உங்களை ஒரு தடவை சிரிக்க வைக்கத்தான். இனிமே வாழ்நாள் பூரா அதே வேலையை ஒழுங்காப் பாக்கணும்னு ஆசை."

செங்கல் துளைகளில் ஏதோ டப்பென்று விழுந்தது. ஒரு துளி. இன்னொரு துளி.

"மழை" என்றாள் மெதுவாக.

"ஆமா. மறுபடியும் ஊரே நிக்கப்போகுது."

"நாலு மாசமா உங்க அம்மா உங்களைப் பத்திச் சொல்லாத நாள் இல்லே. காது சிவக்கறது, தாளோட மூலையிலே பேரைப் பாத்துக்கிட்டே சாப்பிடறது, எல்லாம். உங்க போட்டோவை எட்டுத் தடவை காமிச்சாங்க." அவள் குரல் மழையைவிட மெல்லியதாக இருந்தது. "அதனாலதான் அன்னைக்கு அவ்வளவு கோபம். வேற யாராவது அப்படிப் பேசியிருந்தா நான் சிரிச்சிட்டுப் போயிருப்பேன்."

"அப்போ... லிஃப்டுலே பாத்தப்பவே என்னைத் தெரியுமா?"

அவள் திரும்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த தேநீர்... இமை நுனியில் ஒரு துளி. இந்தத் தடவை அது யோசிக்கவில்லை, இறங்கிவிட்டது.

"தினமும் காலையிலே எங்க லிஃப்டுலே ஏறும்போது ஒரு துஆ கேப்பேன், சமீஹ். என்னிக்காவது ஒரு நாள் அந்த ஒத்தை லிஃப்ட் கெட்டுப்போகணும்னு."

இருபத்திரண்டு படி ஏறினாலும் சிந்தாத அந்தத் தட்டு, நின்ற இடத்திலேயே சிந்தியது.